கொத்தடிமை மீட்பு, மறுவாழ்வு சேவை: ஐந்துக்கு இரண்டரை ஸ்டார்

ஓட்டலுக்கும் மொபைலுக்கும் ஸ்டார் போடுகிறோம், அரசாங்கம் நடத்தும் கொத்தடிமை மீட்புக்கும் போட்டுப் பார்க்கலாமே. செங்கல் சூளை, மரம் வெட்டு, அரிசி ஆலை என்று சிக்கிக்கொண்ட இருளர் குடும்பங்களோடு வட மாவட்ட அலுவலகங்களில் தன்னார்வலராக அலைந்து பார்த்ததை வைத்துத்தான் இந்த மார்க்.

மீட்புக்கு மட்டும் என்றால் தாராளமாக நாலு. சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோ கிளம்பிவிட்டால் வேலை மளமளவென்று நடக்கிறது, தாசில்தார், போலீஸ், தொழிலாளர் துறை, ஒரு வேன், எல்லோருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம். சட்டி பானை, கோழிக்கூடை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

மார்க் குறைவது விசாரணையில். ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) நான் பக்கத்தில் நின்று கேட்டது இது. "ஏம்மா, பூட்டி வெச்சாங்களா?" "இல்ல சார்." "அடிச்சாங்களா?" "இல்ல சார்." "சந்தைக்குப் போவீங்களா?" "ஞாயித்துக்கிழமை அவரு போவாரு சார்." விசாரித்த அலுவலர் பேனாவை மூடிவிட்டார், அப்புறம் எப்படி கொத்தடிமை என்கிறார். கூட வந்த இன்னொரு பெண் அலுவலர்தான் கேட்டார்: சரிம்மா, ஊர்ல ஒரு சாவுன்னா ரெண்டு பேருமே போவீங்களா? "அது எப்படிங்க, ஒருத்தர் போனா ஒருத்தர் புள்ளைங்களோட இங்க இருக்கணுமே. அட்வான்ஸ் இருக்குல்ல." பூட்டு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால் கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்ற விடுதலைச் சான்றிதழே அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்திருக்காது.

1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் சங்கிலியும் இல்லை, பூட்டும் இல்லை. முன்பணம் வாங்கியதால் நியாயமான கூலியோ, வேறு வேலைக்குப் போகும் உரிமையோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் உரிமையோ, ஏதாவது ஒன்று பறிபோனாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே ஏசியாட் வழக்கில் (டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றியது) சொல்லிவிட்டது. கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, 15ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் நிரூபிக்கச் சொல்வது ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, கணக்கு நோட்டைக் கண்ணாலும் பார்க்காத அந்த அம்மாவை.

ஆட்கடத்தல் பிரிவு என்றால் இன்னும் மோசம். சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி முன்பணத்தைக் காட்டி ஏமாற்றி, ஒரு குடும்பத்தையே லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துச் சூளையில் இறக்கி அடிமை வேலை செய்ய வைத்தால் அது முன்பு இ.பி.கோ. 370, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 143. ஆள் சம்மதித்து வந்தாரா என்பதே அங்கே கணக்கில் வராது. ஆனால் கடத்தல் என்றால் பெண்களை பம்பாய்க்குக் கொண்டு போவது என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு, தானே சட்டியைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறிய குடும்பம் கண்ணில் படுவதில்லை.

மறுவாழ்வுக்கு ஒன்றரை. காகிதத்தில் திட்டம் அருமை: உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, பிறகு ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். இதற்கென மாவட்ட அளவில் குறைந்தது 10 லட்சம் நிதி இருக்க வேண்டும் என்றும் விதி. ஆனால் பெரிய தொகை கைக்கு வருவது வழக்கு முடிவைப் பொறுத்தது, வழக்கோ இழுத்துக்கொண்டே போகும். நடுவில் ஆதார் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை என்று ஒவ்வொரு மேசையாகத் திருப்பி அனுப்புவார்கள். மேஸ்திரி ஆதார் கேட்பதில்லை, வாசலுக்கே வந்து கையில் பணம் வைக்கிறார். வாடிக்கையாளர் சேவை என்று பார்த்தால் அவருக்குத்தான் ஐந்து ஸ்டார், அதுதான் வயிற்றெரிச்சல்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்டவர்களே செங்கல் சூளை நடத்த மாவட்ட நிர்வாகம் வழி செய்து கொடுத்தது. தெரிந்த தொழில், லாபம் தங்களுக்கு. தையல் மெஷின் கொடுத்து போட்டோ எடுப்பதைவிட நூறு மடங்கு மேல். பிப்ரவரி 9 வந்தால் எல்லா அலுவலகத்திலும் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள், அதோடு இதையும் நாலு மாவட்டம் காப்பி அடிக்கலாம்.

யாருக்காவது உதவப் போகிறீர்கள் என்றால் ஒன்று. விடுதலைச் சான்றிதழ் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்கிறதா என்று வேன் ஏறுவதற்கு முன் பாருங்கள். கணவர் பெயரில் ஒன்றைக் கொடுத்துவிட்டு 'குடும்பத்துக்கே சேர்த்துத்தான்' என்பார்கள், மனைவிக்கு வர வேண்டிய 2 லட்சம் அங்கேயே போய்விடும். பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றிலும் எழுத்துப்பிழை பாருங்கள். கையெழுத்து இருந்து முத்திரை இல்லாமல் வந்ததையும் பார்த்திருக்கிறேன், வங்கியில் அது செல்லாது.