படைப்பின் ஆறு நாட்கள்: எழுத்தின்படியா, இலக்கிய வகையின்படியா?

கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்கிறது பைபிளின் முதல் நூலான ஆதியாகமம். அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்வது 'எழுத்தின்படி'; அது எந்த வகை இலக்கியம் என்று பார்த்துப் பொருள் கொள்வது 'வகையின்படி'. ஞாயிறு பள்ளியிலிருந்து வந்து டைனோசரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தவிக்கும் பெற்றோருக்காக, இந்த இரண்டு வாசிப்புகளின் ஒப்பீடு.

எளிமை
எழுத்தின்படி: ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான்.
வகையின்படி: ஆதியாகமத்தின் மூலமொழியான எபிரேயத்தின் மரபு கொஞ்சம் தெரிய வேண்டும், உழைப்பு அதிகம்.

மூலத்தோடு பொருத்தம்
இங்கே நிதானித்து வாசியுங்கள். முதல் நாளில் வெளிச்சம் வருகிறது; சூரியன் வருவதோ நான்காம் நாளில். அதற்குள் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" மூன்று நாட்கள் கடந்துவிடுகின்றன. ஆதியாகமம் 2:4 படைப்பு முழுவதையும் ஒரே 'நாளில்' அடக்குகிறது. எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் 'யோம்' என்ற அதே சொல்தான். சூரியன் இல்லாத நாளை 24 மணி நேரம் என்று எதைக் கொண்டு அளப்பது? இவை நாம் அறிந்த நாட்கள் அல்ல என்று கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டிலேயே கருதினார். டார்வினுக்குப் பயந்து பிறந்த வாசிப்பு அல்ல இது.

அறிவியல்
எழுத்தின்படி: பேராயர் அஷர் 1650இல் கணக்கிட்டுச் சொன்ன படைப்பின் ஆண்டு கி.மு. 4004; அதாவது பூமிக்கு ஏறத்தாழ ஆறாயிரம் வயதுதான்.
வகையின்படி: பூமிக்கு ஏறத்தாழ 454 கோடி வயது என்பதோடு மோதல் இல்லை.

கதையாகக் கேட்கும் சிறு பிள்ளைக்கு முதலாவது போதும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டாவதையே கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் புவியியல் வகுப்பிலேயே விசுவாசம் ஆட்டம் காணும். ஆனால், "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற மத்தேயு 5:44ஐ இலக்கியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதை எழுத்தின்படியே செய்ய வேண்டும்.