ஆக்ராவில் மார்பிள் என்று தலையில் கட்டப்படும் மாக்கல்: டெல்லி டூர் போகிறவர்கள் கவனத்துக்கு

டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் சுற்றிவிட்டு வரும் நம் ஊர்க் குடும்பங்களின் புலம்பல் ஒரே மாதிரிதான் இருக்கிறது. தாஜ்மகாலை அரக்கப்பரக்கப் பார்த்தார்கள், மார்பிள் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைக்கப்பட்டார்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தட்டு இரண்டு முறை துடைத்ததும் மங்கிப்போனது. ஏமாந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். வண்டி புக் செய்யும்போதே இந்த ஏமாற்று ஆரம்பித்துவிடுகிறது.

டெல்லியிலிருந்து ஒரே நாளில் ஆக்ரா போய்வர வாடகை மற்றவர்கள் கேட்பதைவிட மிகக் குறைவாக இருந்தால், மிச்சத்தைக் கொடுப்பது கடைக்காரர். வண்டி வாசலில் நின்றாலே டிரைவருக்கு ஒரு தொகை, நீங்கள் வாங்கினால் அதற்கு மேல் கமிஷன். கைடுக்கும் பங்கு உண்டு. அத்தனையும் நீங்கள் வாங்கும் தட்டின் விலையில் ஏறியிருக்கும். அதனால் புக் செய்யும்போதே ‘எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்ற பதிலையும் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பதையும் பல பேக்கேஜ்காரர்கள் சொல்வதில்லை. தேதியை நீங்களே பாருங்கள்.

தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பார்க்கிங்கில் இறங்கி நடந்தோ பேட்டரி வண்டியிலோ போக வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆள் பிடிப்பார்கள். “பை உள்ளே விடமாட்டார்கள், எங்கள் லாக்கரில் வையுங்கள், காசு வேண்டாம்” என்பது வழக்கமான தூண்டில். பெரிய பை, தின்பண்டம், டிரைபாட் உள்ளே போகாது என்பது உண்மைதான். ஆனால் அவர் காட்டும் லாக்கர் கடைக்குள் இருக்கும். பையைத் திரும்ப எடுக்கப் போகும்போது வியாபாரம் தொடங்கும். போன், பர்ஸ், தண்ணீர் பாட்டில் மட்டும் கையில் இருக்கட்டும், மற்றதை ஹோட்டலிலேயே விட்டுவிடுங்கள். இந்தியர்களுக்கு டிக்கெட் 50 ரூபாய், சமாதி மேடைக்கு ஏற இன்னும் 200 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். இந்தியத் தொல்லியல் துறையின் சொந்த இணையதளத்திலேயே டிக்கெட் எடுத்துவிடலாம். மூன்று மணி நேரம்தான் செல்லும் என்பதால் ‘விஐபி வரிசை’ பேரத்தில் நேரத்தை விடாதீர்கள்.

இப்போது கடைக்கு வருவோம். ஒரு தொழிலாளி சாணைச் சக்கரத்தில் கல் துணுக்கைத் தேய்த்துக் காட்டுவார். தாஜ்மகால் கட்டியவர்களின் வாரிசு என்பார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பலகைக்கு அடியில் டார்ச் அடிப்பார்கள். பதித்த பூ நெருப்பாய்ச் சிவந்து தெரியும். அந்தப் பலகை அசலாகவே இருக்கலாம். அந்தச் சிவப்பு கார்னீலியன் கல்லில் வெளிச்சம் ஊடுருவுவதால் வருவது. உங்களுக்குப் பொதிந்து தருவது அந்தப் பலகை இல்லை, மாக்கல்லாக இருக்கக்கூடும். தவிர, அலபாஸ்டர் போன்ற மலிவான மென்கல்லிலும் வெளிச்சம் ஊடுருவும். டார்ச்சை வைத்து மார்பிள் என்று முடிவு கட்ட முடியாது.

நகத்தை நம்புங்கள். தாஜ்மகாலுக்குப் பயன்பட்ட மக்ரானா மார்பிளின் கடினத்தன்மை மோஸ் அளவில் (எண் கூடினால் கடினம்) சுமார் 3, நம் நகம் இரண்டரை, மாக்கல்லில் இருக்கும் டால்க் 1. மாக்கல் என்பது நம் ஊரில் கல்சட்டி செய்கிறோமே, அதே வகைக் கல்தான். பொருளைக் கவிழ்த்து, பாலிஷ் இல்லாத அடிப்பக்க ஓரத்தில் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மேல்புறத்தில் மெழுகு பூசியிருப்பதால் அங்கே கீறினால் ஒன்றும் புரியாது. வெள்ளைக் கோடு விழுந்து, உதிர்ந்த தூளை விரலில் தேய்த்தால் பவுடர் போல வழுக்கினால் அது மாக்கல். சாவியால் சோதிக்காதீர்கள், சாவி அசல் மார்பிளையும் கீறிவிடும். கீறவே விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கல் பதித்த வேலைப்பாட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நல்ல வேலையில் கல்லும் தளமும் ஒரே மட்டமாக இருக்கும். பெயின்ட் அடித்ததும் பிசின் ஊற்றியதும் மேடுபள்ளமாகத் தட்டுப்படும்.

பில்லில் ‘கைவினைப் பொருள்’ என்று மொட்டையாக எழுதித் தருவார்கள். ‘மார்பிள்’ என்ற சொல்லும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால்தான் பிற்பாடு பேச முடியும். பார்சலில் அனுப்புகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வந்து சேர்வது வேறு பொருளாக இருக்கக்கூடும்.

மற்ற இடங்களில் வேறு ஜாதகம். ஃபதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தி தர்காவுக்குக் கட்டாயம் சாதர் (சமாதி மேல் போர்த்தும் துணி) வாங்கிப் போட வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். கட்டாயம் ஏதும் இல்லை, தர்காவுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஜெய்ப்பூரில் மரகதம் என்று பச்சைக் கண்ணாடி விற்பார்கள், பரிசோதனைக்கூடச் சான்று இல்லாத கல்லைத் தொடாதீர்கள். புதுடெல்லி ரயில் நிலைய வாசலில் “உங்கள் டிக்கெட் கேன்சல்” என்று யாராவது சொன்னால் நின்ற இடத்திலேயே ரயில்வே விசாரணை எண் 139-ல் பிஎன்ஆர் பாருங்கள், அவர் காட்டும் ‘அரசு சுற்றுலா அலுவலக’த்துக்குப் போகாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? பொருளைக் கழுவாமல், பெட்டியோடும் பில்லோடும் போட்டோ எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். சுற்றுலா உதவி எண்ணான 1363-ல் தமிழ் கிடையாது, இந்தியோ ஆங்கிலமோ தெரிந்தவரைப் பேச வையுங்கள். வழக்குப் போட ஆக்ராவுக்கு ஓட வேண்டியதில்லை: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.