விழுவதற்கென்றே தைத்த உடை

இந்தப் பருவம் தொடங்கியபோது என் இடது விலா முழுவதும் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. காரணம் நான் விழுந்தது மட்டுமல்ல. விழும்போது போட்டிருந்த சாதாரண உயிர்காப்பு மேலங்கியும்தான். வெறுங்கால் நீர்ச்சறுக்கு என்பது விசைப்படகு கயிற்றால் இழுக்க, சறுக்குப்பலகை இல்லாமல் வெறும் பாதத்தில் நீர்மேல் சறுக்குவது. அதில் நான் போகும் வேகம் மணிக்கு 55 கி.மீ. அந்த வேகத்தில் இடறினால் தண்ணீர் மேலங்கிக்கு அடியில் புகுந்து அதை மோவாய் வரைக்கும் தூக்கிவிடும். கொக்கிகள் விலாவில் பதியும். மூன்று முறை பதிந்த பிறகு, இந்த விளையாட்டுக்கென்றே உள்ளே திண்டு வைத்துத் தைக்கப்படும் உடை ஒன்றை வாங்கினேன். நான்கு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி, நடுவில் ஒரு போட்டி என்று உழைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜிப் விஷயமாக அவர்களோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. அது இன்னும் தீரவில்லை.

கை இல்லாத உடை. கால் பகுதி முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுவிடும். வெளியே நன்றாக இழுபடும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். உள்ளே மார்பு, விலா, முதுகு, இடுப்பு, பின்புறம் ஆகிய இடங்களில் மிதக்கும் நுரைப் பட்டைகள். முதல் தடவை போட்டுக்கொண்டு நின்றபோது என் மகள், “அம்மா, சோபாத் திண்டுக்குக் கால் முளைத்தது போல் இருக்கிறீர்கள்” என்றாள். 1947-இல் ஃபுளோரிடாவின் விண்டர் ஹேவனில் முதன்முதலாக வெறுங்காலில் நீர்மேல் சறுக்கிய ஏ.ஜி. ஹான்காக்குக்கு இப்படி ஒரு திண்டு கிடைத்திருக்காது. அவருக்கு அப்போது பதினேழு வயது, தேவைப்பட்டிருக்காது. எனக்கு நாற்பத்து மூன்று.

வாங்கத் தூண்டியது வலி மட்டுமல்ல, போட்டி விதிகளும்தான். பயிற்சியாளர் தந்த விதிப்புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். மூன்று பிரிவுகள்: ஸ்லாலம், ட்ரிக் (வித்தை), ஜம்ப் (தாவல்). ஸ்லாலத்தில் படகு பின்னால் விட்டுச்செல்லும் அலைத்தடத்தைக் குறுக்கே எத்தனை முறை கடக்கிறோம் என்பது கணக்கு. இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் 15 நொடி. ட்ரிக்கிலும் அதே இரண்டு சுற்று, அதே 15 நொடி. அதாவது இரண்டு பிரிவிலும் சேர்த்து, ஒரு போட்டியில் மதிப்பெண்ணுக்காக நான் நீர்மேல் நிற்கப்போவது ஒரே ஒரு நிமிடம். அதுவும் விழாமல் இருந்தால். விழுந்துவிட்டால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பல மாதங்கள் மல்லாந்தும் குப்புறவும் புரண்டும் தண்ணீரில் கிடக்க வேண்டும். உடை உண்மையில் வேலை செய்வது அப்படிக் கிடக்கும் நேரங்களில்தான். இது புரிந்ததும் வாங்கத் தயங்கவில்லை.

இதன் முதல் அருமை ஆழ்நீரிலிருந்து கிளம்பும்போது தெரியும். படகு நிற்கையில் மல்லாந்து மிதந்து, பாதங்களைக் கயிற்றின் மேல் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கிடக்க வேண்டும். படகு கிளம்பியதும் முதுகு தண்ணீரின் மேலே ஏறிச் சறுக்கத் தொடங்கும். பிறகு எழுந்து உட்கார்ந்து, கால்களைக் கயிற்றிலிருந்து எடுத்து, குதிகால்களைச் செருப்புக்குள் நுழைப்பது போல மெல்லத் தண்ணீரில் பதித்து, வேகம் கூடக்கூட எழ வேண்டும். பழைய மேலங்கியில் என் மார்பு மிதக்கும், இடுப்பு மூழ்கும். படகு இழுக்கும்போது ஏர் உழுவது போல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவேன். இந்த உடையில் இடுப்பும் பின்புறமும் சேர்ந்து மிதப்பதால் உடம்பு பலகை மாதிரி நேராகக் கிடக்கிறது. பத்துக்கு நான்கு முறை எழுந்துகொண்டிருந்தவள் முதல் வாரத்திலேயே பத்துக்கு ஏழு முறை எழுந்தேன். பயிற்சியாளர் தம் போதனையின் பலன் என்றார். நான் மறுக்கவில்லை, ஆனால் போதனை அதற்கு முன்பும் அதேதான்.

ஜிப் முன்புறம் இருப்பதும் சரியான யோசனை. முதுகில் படுத்துச் சுழன்று எழும் பயிற்சியில் முதுகெலும்பின் மேல் ஜிப் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதில் முதுகுப் பகுதி தையலே இல்லாமல் வழவழப்பாக இருக்கிறது. கண்ணாடித் தரையில் குழந்தை வழுக்கிப்போவது போலச் சுழல முடிகிறது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் உடையின் தடிமனை முடிவு செய்வது அதுதான். உடல் எடையைப் பவுண்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தால் வகுத்து இருபதைக் கூட்டினால், வெறுங்காலில் நிற்க மணிக்கு ஏறத்தாழ எத்தனை மைல் வேகம் வேண்டும் என்று கிடைக்கும். என் எடை 64 கிலோ, அதாவது 141 பவுண்டு. கணக்குப்படி 34 மைல், கி.மீ.யில் 55. தொண்ணூறு கிலோ உள்ள ஒருவருக்கு 64 கி.மீ.யைத் தாண்டிவிடும். எடையும் கூடுதல், வேகமும் கூடுதல் என்பதால் அவருடைய அடி இன்னும் பலமாக விழும். எனவே என் விலா தப்பியதை வைத்து அவருடைய விலாவுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

பெண்களுக்குத் தனி வெட்டு இருப்பதைப் பாராட்ட வேண்டும். இதற்கு முன் கழகத்தில் இரவல் வாங்கிய உடை ஆண்களுக்கானது. மார்புப் பட்டை தொண்டையில் ஏறியது, இடுப்பில் ஒரு குடம் தண்ணீர் நின்றது. இதில் இடுப்பு ஒட்டி நிற்கிறது. அளவு எடுக்கும்போது உயரத்தை விட மார்புச் சுற்றளவை நம்புங்கள். கரையில் மூச்சு முட்டுவது போல் இருந்தால்தான் தண்ணீரில் சரியாக இருக்கும். கரையிலேயே சுகமாக இருந்தால் அது உங்களுக்குப் பெரிய உடை. இன்னொன்று, வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்: உள்ளே திண்டு வைத்த தனிக் கால்சட்டை ஒன்றையும் கட்டாயம் அணியுங்கள். உட்கார்ந்த நிலையில் அந்த வேகத்தில் வரும் தண்ணீர் நுழையக்கூடாத இடமெல்லாம் நுழையும். அதைத் தடுப்பதில் இந்த உடை மட்டும் போதவில்லை.

இனிப் போட்டி. காலையில் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொருவர் உடையையும் பார்த்தார். என்னைத் தண்ணீரில் இறக்கி, கை கால் அசைக்காமல் மிதக்கச் சொன்னார். தலை மேலே நிற்க நிம்மதியாக மிதந்தேன். மெல்லிய உடை போட்டு வந்த ஓர் இளைஞரைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கியபோது எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம்.

ஸ்லாலத்தில்தான் அந்தப் பெருமிதம் இறங்கியது. இரண்டு காலில் முன்னோக்கி ஒரு முறை கடந்தால் அரை மதிப்பெண், ஒற்றைக்காலில் கடந்தால் ஒன்று. முதல் சுற்றில் அடக்கமாக இரண்டு காலிலேயே ஆறு முறை கடந்தேன், மூன்று மதிப்பெண். இரண்டாம் சுற்றில் ஆசை வந்தது. ஒற்றைக்கால் என்றால் தூக்கிய கால் தண்ணீரைத் தொடக் கூடாது. ஒரு முறை கடந்துவிட்டேன். திரும்பும்போது சாய்ந்தேன், தொடைப் பகுதியின் விளிம்பு மீன் செவுள் போல் விரிந்து தண்ணீரை அள்ளியது, கால் கீழே இழுபட்டது, நான் போய்விட்டேன். மகள் எடுத்த காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். விளிம்பு விரிவது தெளிவாகத் தெரிகிறது. நுரைப் பட்டை தொடை வரைக்கும் இறங்குவதால் விளிம்பு விறைத்துக்கொண்டு, காலோடு ஒட்டாமல் நிற்கிறது. பயிற்சியில் இது பொருட்டே இல்லை. 15 நொடிக்குள் ஒவ்வொரு கடத்தலையும் எண்ணும் போட்டியில் இது குறைதான். பல பருவம் கண்டவர்கள் மெல்லிய, இறுக்கமான உடைக்கு மாறிவிடுவது ஏன் என்று அன்று புரிந்தது. அவர்கள் குறைவாக விழுகிறவர்கள். நான் இன்னும் அந்த வரிசையில் சேரவில்லை.

விழுந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதில் தண்ணீர் அறைந்தது, கண்ணில் பொறி பறந்தது. விலாவில் ஒன்றுமே இல்லை. படகு திரும்பி வரும் வரைக்கும் தக்கை போல் மிதந்துகொண்டு, என்னை நானே திட்டிக்கொள்ளத் தாராளமாக நேரம் இருந்தது.

ட்ரிக்கில் ஒரு வித்தையை ஒரு முறை செய்தால்தான் மதிப்பெண். அதையே மறுபடி செய்து பயனில்லை. என்னிடம் இருந்ததோ முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் திரும்புவதும் மறுபடி திரும்புவதும்தான். பின்னோக்கிச் சறுக்கும்போது குனிந்து, கயிற்றின் கைப்பிடியை உடம்பின் பின்புறத்தோடு வைத்துக்கொள்வோம். பின்புறத் திண்டின் மேல் விளிம்பு அங்கே ஒரு திட்டு போல் அமைந்து கைப்பிடியைத் தாங்குகிறது. தைத்தவர் இதை நினைத்துச் செய்தாரா, தானாக அமைந்ததா தெரியாது. எனக்கு வசதி.

ஜம்பில் நான் இறங்கவில்லை. தாவுமேடையின் உயரம் ஏறத்தாழ 46 செ.மீ. மட்டுமே, கேட்கும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் மைக் சீப்பல் என்ற வெறுங்கால் சறுக்கு வீரர் காட்டிய வழியில், இன்றைய தாவுநர்கள் காற்றில் கால்களைப் பின்னால் வீசிக் குப்புறப் பறந்து, இறங்கும் கணத்தில்தான் காலை முன்னே கொண்டுவருகிறார்கள். 2010-இல் டேவிட் ஸ்மால் அப்படிப் பறந்து கடந்த தூரம் 29.9 மீட்டர். இந்த உடை அதைத் தாங்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜிப்புக்கு வருகிறேன். மூன்றாம் மாதத்தில் இழுக்கும் நாக்கு கையோடு வந்துவிட்டது. நிறுவனத்துக்கு எழுதினேன். கடல்நீரில் பயன்படுத்தியிருப்பீர்கள், உப்பு அரித்திருக்கும் என்று பதில். நான் கடலில் சறுக்கியதே இல்லை. படத்தோடு மறுபடி எழுதினேன். பரிசீலிப்பதாகச் சொல்லி ஆறு வாரம் ஆகிறது. இப்போதைக்குச் சாவி வளையம் ஒன்றைக் கோத்திருக்கிறேன், நன்றாகவே இழுக்கிறது. ஆனால் இவ்வளவு நேர்த்தியாகத் தைத்தவர்கள் ஒரு சின்ன உலோகத் துண்டில் சிக்கனம் பார்த்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நிறம் இரண்டுதான் கிடைத்தது, கறுப்பும் மஞ்சளும். மஞ்சளை எடுத்தேன். 46 வயதில் வெறுங்கால் சறுக்கலைக் கற்று, தொண்ணூறு வயதைத் தாண்டியும் நீர்மேல் நின்ற ஜார்ஜ் பிளேர் உடுப்பெல்லாம் மஞ்சளாகவே அணிந்து ‘பனானா ஜார்ஜ்’ என்று பெயரெடுத்தவர். அவரை விட மூன்று வயது முன்னதாகவே தொடங்கிவிட்டேன் என்று மகளிடம் பெருமை பேச இந்த நிறம் உதவுகிறது. படகோட்டிக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறது என்பது கூடுதல் நன்மை.

வாங்குகிறவர்களுக்குக் கடையில் சொல்லாத ஒன்று: இது லேசில் காயாது. நியோப்ரீன் ஒரே இரவில் காய்ந்துவிடும். உள்ளே இருக்கும் பட்டைகளுக்கு, நிழலில் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கவிட்டாலும் இரண்டு நாள் வேண்டும். எங்கள் போட்டியோ அடுத்தடுத்து இரண்டு நாள். முதல் நாள் ஸ்லாலம், மறுநாள் காலை ட்ரிக். விடியற்காலையில் அந்தச் சில்லிட்ட ஈரத்துக்குள் காலை நுழைத்தபோது என் வாயிலிருந்து வந்த சத்தத்துக்குப் பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஓர் அம்மாள் ஓடிவந்தார். நடந்ததைச் சொன்னதும் தம் குடுவையை நீட்டினார். வெதுவெதுப்பான வெந்நீரைக் கழுத்து வழியாக உள்ளே ஊற்றிக்கொண்டு போட வேண்டுமாம். ஊற்றிப் பார்த்தேன். ஐந்து நிமிடம் சுகம். அதற்குள் என் முறையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.