இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டு ஆளே வராத கம்பெனி: மூன்று முறை ஏமாந்தவள் எழுதுகிறேன்

கம்பெனி பெயரைக் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், சொல்லப்போவதில்லை. அவர்கள் என்னை நடத்திய விதத்தை மட்டும் சொல்கிறேன், இதே மாதிரி உங்களுக்கும் நடந்தால் முதல் தடவையிலேயே சுதாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று தடவை ஆனது.

நான் சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இது மூன்றாவது வருடம். சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதனால் வேறு இடம் பார்க்கலாம் என்று மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலை இணையத்தளத்தில் தேடினேன். தை செங் பக்கம் ஒரு கம்பெனி, அதே மாதிரி வேலை, சம்பளம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதல். விண்ணப்பித்த இரண்டாம் நாளே எச்ஆர் பெண் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார். செவ்வாய் மதியம் 2.30, நேரில் வர வேண்டும், அசல் சான்றிதழ்கள் கட்டாயம். இவ்வளவு அவசரமாகக் கூப்பிடுகிறார்களே, நிச்சயம் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

எனக்கு வருடத்துக்கு 9 நாள்தான் விடுப்பு. சட்டப்படி முதல் வருடம் 7 நாள், பிறகு வருடத்துக்கு ஒன்று கூடும், எங்கள் முதலாளி அந்தக் கணக்குக்கு மேல் அரை நாள்கூடத் தர மாட்டார். அதில் அரை நாளை எழுதிக் கொடுத்துவிட்டு, ரயிலில் பீஷான் வந்து, வட்டப் பாதைக்கு மாறி, நாலு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் நடந்து அந்தத் தொழிற்பேட்டைக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 2.15. ஐந்தாவது மாடி. முன்மேசையில் ஆள் இல்லை. மணியை அழுத்தினால் ஒரு பெண் வந்து, “மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு, உட்காருங்க” என்றார். உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, அது போகட்டும். 3.40க்கு அதே பெண் வந்து மேனேஜர் இன்றைக்கு அலுவலகத்துக்கே வரவில்லை என்கிறார். அப்படியானால் மீட்டிங்கில் இருந்தது யார்?

கீழே இறங்கி வருகையாளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது காவலாளி, நம்ம ஆள்தான், அறுபது வயது இருக்கும், என் முகத்தைப் பார்த்தே கேட்டார்: “என்னம்மா, ஆள் வரலையா?”

“எப்படித் தெரியும் அங்கிள்?”

“இந்த வாரத்துல நீ மூணாவது பிள்ளம்மா. நேத்து ஒரு தம்பி டை எல்லாம் கட்டிக்கிட்டு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போச்சு.”

அங்கேயே நான் விட்டிருக்க வேண்டும். 600 வெள்ளி கண்ணை மறைத்தது.

இரவு எச்ஆர் பெண்ணிடமிருந்து “சாரி, அவசர வேலை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு டீம்ஸில் பேசலாம்” என்று செய்தி. சரி, அலைச்சலாவது மிச்சம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஆள் இல்லாத மாடிப்படி ஓரமாக நின்று இணைப்பைத் திறந்தால், ‘உங்களை உள்ளே அனுமதிக்கும்வரை காத்திருக்கவும்’ என்பது மட்டும் 35 நிமிடம் திரையில் இருந்தது. யாரும் அனுமதிக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்ததுதான் இந்தக் கதையின் மோசமான பகுதி. மேனேஜருக்கு உங்கள் விவரங்கள் மிகவும் பிடித்திருக்கிறது, நேரத்தை மிச்சப்படுத்த ஒரு சின்ன டெஸ்ட் செய்து அனுப்புங்கள், கூடவே ஐசியின் (அடையாள அட்டை) இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். டெஸ்ட் ஒரு எக்செல் கோப்பு. 180 வரி. ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் எண் போட வேண்டும். இந்தத் துறையில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன், சிங்கப்பூருக்குள் வரும், வெளியே போகும் சரக்குக்குச் சுங்க அனுமதி எடுக்க ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்க எண் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் குழாயா, அதன் இணைப்பா, உலோகம் கலந்ததா என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும், தப்பாகப் போட்டால் அனுமதியில் சிக்கல். உண்மையிலேயே டெஸ்ட் என்றால் பத்து வரி போதும், தெரிந்தவளா இல்லையா என்று பத்து வரியிலேயே தெரிந்துவிடும். இவர்கள் அனுப்பியதில் இன்வாய்ஸ் எண்கள்கூட அப்படியே இருந்தன. அவர்கள் அலுவலகத்தில் முடிக்காமல் கிடந்த வேலை அது. எனக்கு அது புரியாமல் இல்லை, புரிந்தும் இரண்டு இரவு உட்கார்ந்து முடித்து அனுப்பினேன். ஏற்கெனவே இவ்வளவு அலைந்துவிட்டோமே, இத்தனைக்கப்புறம் விட்டால் அலைந்தது வீண் என்று மனசு கணக்குப் போட்டது. சூதாட்டக்காரன் போடும் கணக்கு அது.

ஐசியை மட்டும் அக்கா தடுத்துவிட்டார். “வேலையே கொடுக்காதவனுக்கு எதுக்குடி ஐசி?” என்றார். அவர் சொன்னது சரிதான். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளைத் துல்லியமாக உறுதிப்படுத்தியே ஆக வேண்டும் என்றாலோ தவிர, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணையோ அதன் நகலையோ வாங்கக் கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்பு விதி. வேலையில் சேர்ந்த பிறகு முதலாளி பதிவேட்டுக்காக வாங்குவார், அது வேறு. ஆளையே பார்க்காதவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தடவை திங்கட்கிழமை காலை 9 மணிக்குத் தொலைபேசியில் அழைப்பதாகச் சொன்னார்கள். அழைக்கவில்லை. அதற்குப் பிறகு எச்ஆர் பெண்ணும் பதில் எழுதவில்லை. 180 வரிக் கோப்பைப் பற்றி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. அடுத்த வாரம் பார்த்தால் அதே விளம்பரம், அதே 600 வெள்ளி ஆசை, புதிதாகப் போடப்பட்டிருக்கிறது.

என் தோழி ஒருத்தி வேறு காரணம் சொன்னாள். வெளிநாட்டவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளுக்கு விண்ணப்பிக்கும் முன் பெரும்பாலான கம்பெனிகள் மைகரியர்ஸ்ஃபியூச்சரில் குறைந்தது 14 நாள் விளம்பரம் போட வேண்டும், ஆளை முன்பே முடிவு செய்துவிட்டுக் கணக்குக்காக இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், இதுவும் அப்படித்தான் என்றாள். அப்படிச் செய்வது விதிக்கு எதிரானது, ஆதாரம் இருந்தால், வேலையிடத்தில் பாகுபாடு பற்றிய புகார்களைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் என் விஷயத்தில் எனக்கு அது பொருந்தவில்லை. நாடகம் போடுகிறவன் மேடைக்காவது வருவான். இங்கே வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள், மேனேஜருக்கு மூச்சுவிட நேரமில்லை, தேடி வருகிறவர்களிடமே இலவசமாக வேலையை வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மனிதவள அமைச்சில் புகார் கொடுக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேலை நியமனச் சட்டம் வேலையில் சேர்ந்தவர்களுக்கானது. கூப்பிட்டுவிட்டு வராத முதலாளியைக் கேட்க அதில் ஒன்றும் இல்லை. வயது, இனம், மொழி என்று ஏதாவது சொல்லி ஒதுக்கியிருந்தால் டாஃபெப். வராமல் போனதற்கு நம் கால்தான் நமக்குத் துணை, எழுந்து வந்துவிட வேண்டும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் சுற்று தொலைபேசியில் வைத்துக்கொள்ளலாமா, என் மதிய உணவு நேரத்தில் 15 நிமிடம் போதும் என்று கேட்கிறேன். நேரில்தான் என்றால், பார்க்கப்போகிறவரின் பெயர், பொறுப்பு, நேரடி எண் மூன்றையும் முதல் நாளே எழுத்தில் கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் விடுப்பு எழுதுவது. போய் 20 நிமிடம் ஆகியும் ஆள் வரவில்லை என்றால் அங்கிருந்தே ஒரு செய்தி: “2.30 இன்டர்வியூவுக்கு வந்து காத்திருக்கிறேன், 3 மணிக்குக் கிளம்ப வேண்டும். இன்று முடியாது என்றால் உங்களுக்கு வசதியான வேறு நேரம் சொல்லுங்கள்.” கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். 3 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும், இதுதான் கஷ்டம், கால் எழாது.

கோபம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தங்கைக்கும் இப்படி ஒரு தடவை நடந்தது. அன்றைக்கு அந்த மேலாளருடைய குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மாலையில் அந்த அம்மாவே நேரடியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, உனக்கு எப்போது முடியும், 7 மணி ஆனாலும் பரவாயில்லை, நான் இருக்கிறேன் என்றார். தங்கை அங்கே இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். வராமல் போனவர் தானே கூப்பிட்டு, நம் நேரத்துக்கு இறங்கி வந்தால் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். எச்ஆரை விட்டு “சாரி” போடச் சொன்னால் வேண்டாம். இரண்டாவது தடவையும் வரவில்லை என்றால் யார் சொன்னாலும் வேண்டாம்.

ஏஜென்ட் மூலம் போகிறவர்கள் அவர் உரிம எண்ணை மனிதவள அமைச்சின் ஏஜென்சிப் பட்டியலில் முதலில் பாருங்கள். வேலை கிடைப்பதற்கு முன் பதிவுக் கட்டணம், நேரம் மாற்றும் கட்டணம் என்று கை நீட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். வேலை கிடைத்தபின் வாங்குவதற்கே வரம்பு உண்டு, ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. கம்பெனியே இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பிஸ்ஃபைல் என்ற அரசாங்க நிறுவனப் பதிவுத் தளத்தில் அதன் யூஇஎன் எண்ணை (பதிவு எண்) தேடிப் பாருங்கள், காசு இல்லை. டெலிகிராமில் மட்டும் பேசுகிறார்கள், இன்டர்வியூவைத் தள்ளிக்கொண்டே போய்க் காசு பேச்சு எடுக்கிறார்கள் என்றால் மோசடி உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

வேலை பாஸ் ரத்தாகி, தங்குவதற்கான 30 நாள் அனுமதியில் வேலை தேடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு தடவை தள்ளிப்போட்டால் அவர்களுக்கு ஒரு வாரம் போய்விடும். நீங்கள் அந்த நிலையில் இருந்தால் என் மாதிரி ஒரே இடத்தை நம்பி உட்காராதீர்கள், முதல் தடவை வரவில்லை என்றாலே அடுத்த இடத்துக்கு எழுதிவிடுங்கள்.

எனக்குப் போனது அரை நாள் விடுப்பு, இரண்டு இரவுத் தூக்கம், போய் வந்த காசு. தீபாவளிக்கு முதல் நாள் வீட்டில் இருந்து முறுக்குச் சுடலாம் என்று ஒரு நாள் வைத்திருந்தேன். இப்போது அரை நாள்தான் இருக்கிறது, மாவை மட்டும் பிசைந்து வைத்துவிட்டு வா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அக்கா.