சொந்தமாகக் கம்பைல் செய்த போஸ்ட்கிரெஸ், தப்பான லைப்ரரி: எந்த வழி தேறும்?

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை லினக்ஸில் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்தாயிற்று, ஒரு பிழையும் இல்லை. அதன் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்-ஐ இயக்கினால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' (தேடிய ஃபங்ஷன் லைப்ரரியில் இல்லை) என்று விழுகிறது. பெரும்பாலும் காரணம் இதுதான்: கம்பைல் நேரத்தில் லிங்கர் (நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் கருவி) பார்த்த லைப்ரரி ஒன்று, ஓடும்போது லோடர் (லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றுவது) எடுத்தது வேறொன்று. போஸ்ட்கிரெஸோடு பேச நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரியான லிப்பிக்யூ இதில் ரொம்ப வழுக்கும். போஸ்ட்கிரெஸ் 9.6 ஆனாலும் 16 ஆனாலும் அதன் பெயர் லிப்பிக்யூ.எஸ்ஓ.5 தான். பெயர் பொருந்துவதால் லோடர் பழையதைச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொள்ளும். புதிய ஃபங்ஷனைத் தேடும்போதுதான் குட்டு உடையும். குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் பரவாயில்லை. 1.1-க்கும் 3-க்கும் பெயரே வேறு என்பதால், கோப்பு இல்லையென்று முதலிலேயே சொல்லிவிடும்.

பலரும் முதலில் கைவைப்பது எல்டி_லைப்ரரி_பாத், அதாவது லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று லோடருக்குச் சொல்லும் சூழல் மாறி. ஒரு எக்ஸ்போர்ட் வரி, உடனே வேலை செய்யும். ஆனால் அது அந்த ஷெல்லோடு சரி. சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி, ஷெல் அமைப்புகள் இருக்கும் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பைப் படிக்காது. சூடோ போட்டாலும் அந்த மாறி காணாமல் போகும். கையால் இயக்கினால் ஓடுகிறது, சர்வீஸாக இயக்கினால் விழுகிறது என்ற புலம்பல் பாதி இங்கிருந்துதான் வருகிறது. சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ள நல்ல கருவி, அவ்வளவுதான்.

எல்டிகான்ஃபிக் வழி இதற்கு நேர் எதிர். எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவில் லைப்ரரி இருக்கும் இடத்தை எழுதிய ஒரு கோப்பைப் போட்டு, எல்டிகான்ஃபிக் கட்டளையை இயக்கினால் கணினி முழுவதும் அமலாகும். அதுவேதான் சிக்கலும்: பழைய லிப்பிக்யூவை நம்பியிருந்த மற்ற நிரல்களும் உங்கள் புதியதை எடுக்கத் தொடங்கலாம். அந்தக் கணினியில் டேட்டாபேஸைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை என்றால் சரி.

என் ஓட்டு ஆர்பாத்துக்கு. லைப்ரரி எங்கே இருக்கிறது என்ற முகவரியை பைனரிக்குள்ளேயே பதித்துவிடுவது. போஸ்ட்கிரெஸின் கான்ஃபிகர் (கம்பைலுக்கு முன் ஓட்டும் அமைப்பு ஸ்கிரிப்ட்) தன் சொந்த லைப்ரரி அடைவை இயல்பாகவே இப்படிப் பதிக்கும். தனியாக ஓரிடத்தில் வைத்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கான்ஃபிகருக்கு 'வித்-லைப்ரரீஸ்' கொடுத்தால் லிங்கருக்குத்தான் வழி தெரியும், லோடருக்குத் தெரியாது. அதனால் லிங்கருக்கான அமைப்புகளான எல்டிஃப்ளாக்ஸில் ஆர்பாத்தையும் எழுதியாக வேண்டும். அடைவை இடம் மாற்றினால் முகவரி பொய்யாகிவிடும் என்பது உண்மை. பேட்ச்எல்ஃப் என்ற கருவி கொண்டு அதை மறுபடி கம்பைல் செய்யாமலே திருத்திக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு பொறி உண்டு, அரை நாளைத் தின்றது. பல லினக்ஸ் விநியோகங்களில் லிங்கர் ஆர்பாத்துக்குப் பதில் ரன்பாத் என்றே எழுதுகிறது. லோடர் ரன்பாத்தைப் பார்க்கும் முன் எல்டி_லைப்ரரி_பாத்தைப் பார்த்துவிடும். பாஷ்ஆர்சியில் என்றோ நான் போட்டு மறந்த எக்ஸ்போர்ட் வரி, ஒழுங்காகப் பதித்த முகவரியை ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. எல்டிடி கட்டளை போட்டு எந்தக் கோப்பு ஏறுகிறது என்று பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

ஸ்டாட்டிக்காக, அதாவது லைப்ரரியையே பைனரிக்குள் சேர்த்து, இணைப்பது? மோதலே வராதுதான். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தம் வரும்போதும் நீங்களே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.