கனடா ஸ்பௌஸ் பி.ஆர்.: மதுரையில் எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம்?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். கல்யாணம் ஆகி கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ, நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) கேட்டுக் கனடா போகிறவர்களுக்கு மதுரையில் விற்கப்படும் 'ஃபுல் பேக்கேஜ்' வேண்டாம். அதற்குள் இருக்கும் சேவைகளில் சிலதைத் தனித்தனியாக வாங்குங்கள், மற்றதை நீங்களே செய்யுங்கள். காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு எழுதுவது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்குப் பயண ஆவணம், வெளியேறும் அனுமதி என்று வேறு கணக்கு இருக்கிறது.

பேக்கேஜில் பொதுவாக அடங்குபவை: படிவம் நிரப்புதல், திருமணச் சான்று வாங்கித் தருதல், பி.சி.சி. (குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சரிபார்ப்புச் சான்று), மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல ஆவணத்தில் அரசு பதிக்கும் அத்தாட்சி), பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்த்தல், 'ரிலேஷன்ஷிப் புரூஃப்' தயாரித்தல். இவற்றில் அப்போஸ்டிலும் பாஸ்போர்ட் பெயர் சேர்ப்பும் கனடாவில் இருக்கும் துணை அழைத்துக்கொள்ளும் ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பத்துக்குத் தேவையே இல்லை. திருமணச் சான்றின் தெளிவான ஸ்கேன் போதும். வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தேவைப்படும் சமாச்சாரத்தை எல்லோர் தலையிலும் கட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டை நடுவில் மாற்றினால் எண் மாறும். விண்ணப்பத்தில் பழைய எண், கையில் புதிய புத்தகம் என்றாகிவிடும். அதைக் கனடா குடிவரவுத் துறையின் வெப்ஃபார்ம் (இணையப் படிவம்) வழியாகத் தெரிவித்து, சரியாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேவையில்லாத வேலை.

இனி ஏஜென்ட். கனடாவின் குடிவரவுச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ உங்கள் சார்பில் விண்ணப்பிக்கவோ மூன்று வகையினருக்குத்தான் உரிமை: கனடா வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினர், கியூபெக் நோட்டரி, கனடா குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் (படிக்கும் கல்லூரி இல்லை, ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) உரிமம் பெற்ற ஆலோசகர். கடைசி வகையினரை ஆர்.சி.ஐ.சி. என்பார்கள். அவர்களுடைய உரிம எண்ணைக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். உரிமம் 'செயலில் உள்ளது' என்று வருகிறதா என்று பாருங்கள். எங்கள் பார்ட்னர் கனடாவில் இருக்கிறார் என்று சொன்னால், அந்தப் பார்ட்னரின் பெயரும் எண்ணும் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் பிரதிநிதி என்று எழுதப்படுமா என்று கேளுங்கள். இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. விண்ணப்பக் கணக்கை ஏஜென்ட் எந்த மின்னஞ்சலில் திறக்கிறார்? உரிமம் உள்ளவருக்குப் பிரதிநிதிகளுக்கான தனி போர்ட்டல் இருக்கிறது. உரிமம் இல்லாதவர் உங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, தன் மின்னஞ்சலைக் கொடுத்து, பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். பயோமெட்ரிக் கடிதம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். கடிதம் வந்தால் 30 நாளில் கைரேகை கொடுத்தாக வேண்டும். கடிதம் வந்ததே தெரியாமல் ஃபைல் நின்றுபோவது இப்படித்தான். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இல்லாத எந்தச் சேவையும் சேவை இல்லை.

தட்டச்சுக்கும் மொழிபெயர்ப்புக்கும் கூரியருக்கும் காசு வாங்குவது குற்றமில்லை. படிவத்தில் என்ன எழுதுவது என்று சொல்லிக்கொடுத்துக் காசு வாங்குவதுதான் பிரச்சினை. 'பழைய லண்டன் விசா ரிஜெக்ஷனைக் காட்ட வேண்டாம்' என்று யோசனை சொல்வது அதைவிட மோசம். தவறான தகவல் என்று முடிவானால் விண்ணப்பதாரருக்கு 5 ஆண்டுத் தடை. அந்தத் தடை ஏஜென்டுக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

திருமணப் பதிவை நீங்களே செய்யலாம். 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். பதிவுத்துறைத் தளத்தில் விவரம் ஏற்றிவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மணமக்களும் சாட்சிகளும் நேரில் போக வேண்டும். சிக்கல் சட்டத்தில் இல்லை, மாப்பிள்ளையின் லீவில்தான். மூன்று வாரத்தில் வந்து போகிறவர் மறுவீடு, விருந்து என்று அலைந்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் பதிவுக்குப் போனால், சர்வர் வேலை செய்யாத ஒரு நாள் போதும், அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டியதுதான். தாலி கட்டிய முதல் வாரத்துக்குள் போய்விடுங்கள். மதம் மாறாமல் கலப்பு மணம் செய்பவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து மேலும் 30 நாள் ஆக வேண்டும். மூன்று வார லீவில் அது நடக்காது. மதுரையில் இருப்பவர் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து வைப்பது ஒன்றே வழி.

கையெழுத்துப் போடுமுன் சான்றின் வரைவை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நம் ஊர் ஃபைல்கள் அதிகம் சிக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் 'கார்த்திகா முருகேசன்', திருமணச் சான்றில் 'எம். கார்த்திகா', பத்திரிகையில் 'மு. கார்த்திகா பி.இ.', வங்கிக் கணக்கில் 'கார்த்திகா எம்'. நமக்கு இவை எல்லாம் ஒரே பெண். இனிஷியல் முறை தெரியாத அதிகாரிக்கு நான்கு பெயர். கனடா படிவத்தில் இனிஷியல் போடக் கூடாது, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். மற்ற வடிவங்களை எல்லாம் 'வேறு பெயர்கள்' பகுதியில் காட்டிவிட்டு, எல்லாம் ஒருவரே என்று ஒரு நோட்டரி பிரமாணப் பத்திரமும், இனிஷியல் என்றால் என்ன என்று நாலு வரியும் சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், முழுப்பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றக் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரைச் சர்நேமாகப் பிரித்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்க நினைத்தால் விண்ணப்பத்துக்கு முன்பே வாங்குங்கள். ஃபைல் போட்ட பிறகு வேண்டாம்.

பி.சி.சி.க்கு மதுரையில் கிடைக்கும் சேவை நன்றாகவே இருக்கிறது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, ரூ.500 கட்டி, நாள் பதிந்துகொண்டு நேரில் போக வேண்டும். இதற்கு இடைத்தரகர் எதற்கு என்பது எங்களுக்கு விளங்கவில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியும் வேறு என்றால் போலீஸ் விசாரணை நீளும். அடுத்தது, இப்போது வாழும் நாட்டின் சான்று, விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே கல்யாணம் நிச்சயமான கையோடு வாங்கி வைப்பதால் பயனில்லை. மற்ற எல்லாம் தயாரானபின் வாங்குங்கள். வளைகுடாவில் 6 மாதத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டுச் சான்றையும் வைக்க வேண்டும். அதை அங்கே இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. ஊர் வந்தபின் வாங்குவது பெரும் அலைச்சல்.

மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். தமிழில் உள்ள எதையும் ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் வைக்கக் கூடாது. இங்கே மொழிபெயர்ப்பவர், தான் சரியாகப் பெயர்த்ததாக நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். குடும்பத்தார் செய்தால் செல்லாது. அண்ணன் ஆங்கில வாத்தியாராக இருந்தாலும் செல்லாது. நோட்டரி முத்திரை மட்டும் குத்தி, மொழிபெயர்த்தவர் கையெழுத்து இல்லாத தாள்களை வாங்காதீர்கள். தமிழ் மூலத்தின் நகலும் கூடவே இருக்க வேண்டும்.

'ரிலேஷன்ஷிப் புரூஃப்' என்ற பெயரில் விற்கப்படுவதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். கனடா அதிகாரி பார்ப்பது இரண்டே கேள்வி: இந்தத் திருமணம் உண்மையானதா? முக்கியமாகக் குடிவரவுச் சலுகைக்காகச் செய்ததா? ஐ.எம்.எம். 5532 படிவம் இதற்காகவே இருக்கிறது. யார் அறிமுகம் செய்தார்கள், எப்போது நேரில் பார்த்தீர்கள், நிச்சயம் நடந்ததா, யார் யார் வந்தார்கள், முன்பு மணமானவரா என்று கேட்கும். ஏஜென்டுகள் ஒரே வார்ப்பில் எழுதிய பதிலையே ஃபைலுக்கு ஃபைல் ஒட்டுகிறார்கள். பிறகு அதிகாரி நேர்காணலில், மாப்பிள்ளையின் தங்கை என்ன படிக்கிறாள் என்று கேட்டால் பெண்ணுக்குப் பதில் வராது, படிவத்தில் இருப்பது அவள் கதையே இல்லை.

பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணம் என்பது குறையில்லை. அதை அப்படியே எழுதுங்கள். ஜாதகம் எந்த வழியாக வந்தது, பொருத்தம் பார்த்தது எப்போது, பெண் பார்க்க வந்த தேதி, பூ வைத்தது, பேசிய முதல் வீடியோ கால். வயது வித்தியாசமோ படிப்பு வித்தியாசமோ இருந்தால் மறைக்காமல் காரணம் சொல்லுங்கள். போட்டோ 20, உரையாடல் பக்கங்கள் 10 என்பது கனடா அரசின் ஆவணப் பட்டியலில் உள்ள வரம்பு. ஸ்டுடியோக்காரர் தரும் நூற்றுக்கணக்கான படங்களில் மணமக்கள் மட்டும் நிற்கும் அவுட்டோர் படங்கள் எதற்கும் உதவாது. இரு வீட்டுப் பெற்றோரும் ஒரே படத்தில், தாலி கட்டும் நேரம், பந்தியில் உறவினர், வெவ்வேறு தேதிகளில் வெவ்வேறு இடங்கள் என்று பிரித்து எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள்.

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டியவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சந்நிதிக் கல்யாணப் படத்தில் பத்துப் பேர்தான் தெரிவார்கள். அதை மட்டும் வைத்தால் 'ரகசியமாக நடந்த சின்னக் கல்யாணம்' போலத் தோன்றும். கோயில் ரசீது, மண்டப வாடகை ரசீது, சமையல்காரர் பில் ஆகியவற்றையும் வையுங்கள். கூடவே மொய் நோட்டு. கையால் எழுதியதோ கம்ப்யூட்டர் மொய்ப் பட்டியலோ, பெயரும் ஊரும் தொகையுமாக இத்தனை பேர் வந்ததைக் காட்டும் ஆவணம் வேறு எந்த ஊரிலும் இப்படிக் கிடைக்காது. முதல் பக்கம், நடுவில் ஒன்று, கடைசிப் பக்கம் மட்டும் மொழிபெயர்த்து, மொய் என்றால் என்ன என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஏஜென்டுகள் இதை ஒதுக்கிவிட்டு வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பதுதான் வருத்தம்.

பின்னணி விவரங்களுக்கான ஐ.எம்.எம். 5669 படிவத்தில் கடந்த 10 ஆண்டு வரலாறு மாத இடைவெளி கூட விடாமல் வர வேண்டும். அதற்குள் 18 வயது ஆனவர்கள் அந்த வயதிலிருந்து எழுதினால் போதும். வீட்டிலிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்த ஒன்றரை ஆண்டை வேலையில்லை என்றே போட்டு, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

கட்டணத்தை ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 2024 ஏப்ரல் 30இல் அமலான பட்டியல்படி ஸ்பான்சர் கட்டணம் 85, பரிசீலனை 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, பயோமெட்ரிக் 85, ஆக 1,290 கனடா டாலராக இருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை இது ஏறும். கட்டுமுன் அரசுத் தளத்தில் பாருங்கள். நம் ஊர் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருந்தால் பணம் போகாது. அங்கே இருப்பவர் கட்டுவதே எளிது. பெரும்பாலான மனைவி, கணவர் விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. ஸ்பான்சர் அரசு உதவித்தொகையில் இருக்கக் கூடாது, ஊனத்துக்கான உதவி விலக்கு. 3 ஆண்டு ஆதரிப்பதாக உறுதி தர வேண்டும். அவரே துணை வழியாக பி.ஆர். ஆனவர் என்றால் 5 ஆண்டு கழித்துத்தான் ஸ்பான்சர் செய்யலாம். இதை நிச்சயத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் வீட்டாருக்கு ஒன்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டு கணவரோடு வாழாவிட்டால் பி.ஆர். போய்விடும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்த நிபந்தனை 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அங்கே போய்க் கொடுமை நடந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

கைரேகைக்குச் சென்னைக்குப் போகலாம். மருத்துவப் பரிசோதனை, கனடா அரசின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே. அதற்கான கடிதம் வந்தபின் செய்யுங்கள். முடிவு 12 மாதமே செல்லும். விசாவின் காலக்கெடுவும் பெரும்பாலும் அதை ஒட்டியே அமையும்.

நகை விஷயத்துக்கு எந்தப் பேக்கேஜிலும் இடமில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் வாங்கிய பில்களை எடையோடு பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு நகைக்கும் படம் எடுத்து, கனடா சுங்கத்தின் பொருள் பட்டியலில் எழுதி, முதல் நாள் இறங்கும்போதே காட்டுங்கள். பின்னால் கொண்டுவரப் போகும் நகைகளையும் அன்றே அந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். இந்தியாவை விட்டுக் கிளம்பும் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்ப ஊர் வரும்போது அதே நகைக்கு வரி கேட்க மாட்டார்கள்.

இறங்கிய 180 நாளுக்குள் கனடா முகவரியைக் கொடுத்தால்தான் பி.ஆர். கார்டு கட்டணமில்லாமல் வரும். கார்டு கைக்கு வராமல் தலை தீபாவளிக்கு மதுரை வந்துவிடாதீர்கள். கார்டு இல்லாதவரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இங்கிருந்து தனியாகப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.