பல் மருத்துவருக்கான ஓர் இணையவழித் தொடர்கல்விச் சேவை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பிரிட்டனில் பல் மருத்துவராகப் பணிபுரிபவர், அத்தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பான ஜெனரல் டென்டல் கவுன்சிலின் பதிவேட்டில் தம் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால், ஐந்தாண்டுச் சுற்று ஒன்றில் 100 மணி நேரத் தொடர்கல்வியைச் சான்றிதழோடு முடித்திருக்க வேண்டும். அடுத்தடுத்த எந்த இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் குறைந்தது 10 மணி நேரமாவது சேர்ந்திருக்க வேண்டும். 2018 சனவரி 1 அன்று இந்த முறை நடைமுறைக்கு வருவதற்கு முன்பு கேட்கப்பட்டது 250 மணி நேரம், அதில் சான்று வேண்டியிருந்தது 75 மணி நேரத்துக்கு மட்டுமே. எண்ணிக்கை குறைந்ததால் சுமை குறைந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சான்று வேண்டும். எதைக் கற்கப் போகிறோம் என்று முன்கூட்டியே திட்டம் எழுத வேண்டும். கற்றது நம் சிகிச்சையில் எதை மாற்றியது என்று பின்னர் எண்ணிப் பார்த்து எழுதவும் வேண்டும்.

இந்தத் தேவைக்காகவே ஆண்டுச் சந்தா வாங்கும் இணையவழிச் சேவைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை ஓராண்டு முழுவதும் பயன்படுத்தினேன். அதே நிறுவனம் எங்கள் மருத்துவமனைக்கே வந்து நடத்திய அரைநாள் அவசர சிகிச்சைப் பயிற்சியிலும் கலந்துகொண்டேன். பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். சொல்ல வேண்டிய நிறைகுறைகள் எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பவருக்கும் பயன்படும். கவுன்சில் எந்தத் தொடர்கல்வி நிறுவனத்துக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை என்பதை, இங்கே புதிதாகப் பணியில் சேரும் நம்மவர் பலர் அறிவதில்லை. 'கவுன்சிலால் அங்கீகரிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே ஐயத்துடன் பார்க்க வேண்டும். தரத்தை எடைபோடும் பொறுப்பு பணம் கட்டும் நம்முடையதுதான்.

சான்றிதழ்களில் குறை ஏதும் இல்லை. பாடத்தின் உள்ளடக்கம், நோக்கங்கள், எதிர்பார்க்கப்படும் கற்றல் பயன்கள், தேதி, மணி நேரம், என் பெயர், பதிவு எண், தரத்தைச் சரிபார்த்தவரின் பெயர், விவரங்கள் முழுமையானவை, சரியானவை என்னும் உறுதிமொழி ஆகிய அனைத்தும் ஒவ்வொன்றிலும் இருந்தன. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த மணி நேரம் கணக்கில் சேராமல் போகலாம் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பாடங்களில் மிகச் சிறந்தது வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றியது. காரணம் தெரியாத புண் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாமல் இருந்தால் நோயாளியைத் தாமதமின்றி மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்னும் விதியை ஒப்பிப்பதோடு நிறுத்தாமல், நாக்கின் பக்கவாட்டையும் வாயின் அடித்தளத்தையும் விரலால் தடவிப் பார்க்கும் முறையைப் படிப்படியாகப் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். பாக்கு மெல்லும் பழக்கத்துக்கென்று தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கியிருப்பது எனக்கு நிறைவளித்தது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை விளக்கி, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகி வாய் திறப்பு குறைந்துகொண்டே வரும் நோயாளிகளின் படங்களையும் தந்திருக்கிறார்கள். வெற்றிலைபாக்கு போடும் பெரியவர்கள் வருகின்ற மருத்துவமனையில் பணிபுரிபவருக்கு இந்த ஒரு பாடமே சந்தாவுக்கு ஈடாகும்.

எக்ஸ்ரே பாடம் எனக்கு வருத்தத்தையே தந்தது. எக்ஸ்ரே படங்களின் தரத்தை இரண்டே வகையாக, அதாவது நோயறிதலுக்கு ஏற்றது, ஏற்காதது என்று பிரிக்க வேண்டும் என்றும், டிஜிட்டல் முறையில் 95 விழுக்காட்டுக்குக் குறையாத படங்கள் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்றும் 2020இல் வெளியான வழிகாட்டுதல் கூறுகிறது. இந்தப் பாடமோ மூன்று வகைப் பிரிவு என்னும் பழைய முறையையே இன்னும் கற்பிக்கிறது. தேர்விலும் அதையே கேட்கிறது. சரியான விடை தெரிந்தவர் மதிப்பெண் இழக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் கதிரியக்கப் பாதுகாப்பில் 5 மணி நேரமாவது கற்க வேண்டும் என்று கவுன்சில் வலியுறுத்திப் பரிந்துரைக்கும் நிலையில், அந்த நேரத்தைக் காலாவதியான பாடத்தில் செலவிட வைப்பது சிறிய பிழையன்று. இரண்டு முறை எழுதித் தெரிவித்தும் திருத்தம் வரவில்லை.

மற்றொரு குறையை இதைவிடக் கடுமையானதாகக் கருதுகிறேன். பாடம் முடிந்ததும் நாம் சிந்தித்து எழுத வேண்டிய இடத்தில், தயாரித்து வைத்த வாக்கியங்கள் பட்டியலாக வருகின்றன. ஒன்றைத் தொட்டால் குறிப்பு நிரம்பிவிடுகிறது. வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கணினி முன் அமரும் மருத்துவருக்கு இது எவ்வளவு வசதியாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆயினும் இந்தத் தொடர்கல்வி முறையின் உயிரே அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. வேறொருவர் எழுதி வைத்த வாக்கியம் என் நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லாது. பட்டியலைத் தவிர்த்துவிட்டுச் சொந்தமாக எழுத இடமிருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் குறை.

அரைநாள் பயிற்சியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். அவசர சிகிச்சைக்குச் சுற்றுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம் என்பது பரிந்துரை. அதை இணையத்திலேயே முடித்துவிடுவோரும் உண்டு. வந்த பயிற்றுநர் மாதிரிப் பெட்டி எதையும் கொண்டுவராமல் எங்கள் மருந்துப் பெட்டியையே திறக்கச் சொன்னார். கடும் ஒவ்வாமையில் பெரியவருக்குத் தசையில் செலுத்தும் அட்ரினலின் அளவு 500 மைக்ரோகிராம், அதாவது 1:1000 கரைசலில் அரை மில்லிலிட்டர் என்பதை நாங்கள் அனைவரும் உடனே சொன்னோம். கண்ணாடிக் குப்பியை உடைத்து அந்த அரை மில்லிலிட்டரை ஊசியில் ஏற்றச் சொன்னபோதுதான் கைகள் தடுமாறின. வரவேற்பறைப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டு, யார் அவசர உதவி எண்ணான 999ஐ அழைப்பது, யார் ஆக்சிஜன் உருளையைக் கொண்டுவருவது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸ் குழுவை உள்ளே அழைத்துவருவது என்று பங்கு பிரித்து மூன்று முறை ஒத்திகை பார்த்தோம். மறுநாளே மருந்துப் பெட்டியை மாடி அலமாரியிலிருந்து சிகிச்சை அறைகளுக்கு நடுவே உள்ள தாழ்வாரத்துக்கு மாற்றினோம்.

அந்தப் பயிற்சிக்கு இந்த ஆண்டும் பதிவு செய்திருக்கிறேன். எக்ஸ்ரே பாடம் திருத்தப்படும் வரை இணையச் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை.